அம்பாசமுத்திரம் பக்கம் நத்தத்தில் பழைய காரை வீடு: பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு. வாங்கலாமா?

பொதிகை_வாசல்:

அம்பாசமுத்திரம் வட்டத்தில் ஒரு சின்ன ஊர். மூன்றே தெரு, பஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை, சுற்றிலும் வயல். அம்மா பெயரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். விலை 13.5 லட்சம் என்று பேசி நிற்கிறது, முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. விவரத்தை அப்படியே தருகிறேன்.

மனை கிராம நத்தம் (ஊரில் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்). 1971 கிரயப் பத்திரத்தில் "கிழமேல் அடி 24, தென்வடல் அடி 78" என்று இருக்கிறது. நத்தம் பட்டாவில் 161 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் பட்டாவில் குறைகிறது. விற்பவரைக் கேட்டால், "சர்வேயில் தப்பாகப் போட்டுவிட்டார்கள், இடத்தில் அளவு சரியாக இருக்கும்" என்கிறார்.

வீடு வடக்குப் பார்த்தது. திண்ணை, தார்சா (திண்ணையை அடுத்த முன்கட்டு), பட்டாசல் (கூடம்) வரை சீமை ஓடு, அதற்குப் பின்னால் இரண்டு அறை மட்டப்பா (சமதளக் கூரை). சுண்ணாம்புக் காரைச் சுவர். கீழே மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள், அது பொரிந்து உதிர்கிறது. மட்டப்பா மேல் 1,000 லிட்டர் டேங்க் நிற்கிறது.

மேற்கே அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். கிழக்கே மூன்றரை அடி முடுக்கு (சந்து). கிணறு முடுக்குக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுக்காரர் மனையில். பத்திரத்தில் "கிணற்றுப் பாத்தியம் (உரிமை) உள்பட" என்று ஒரே வரி.

பத்திரம் விற்பவரின் அப்பா பெயரில். அவர் 2009ல் இறந்துவிட்டார், உயில் கிடையாது. மனைவி இருக்கிறார், இரண்டு மகன், இரண்டு மகள். மகன்கள் இருவரும் மட்டும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார்கள். "பெண் பிள்ளைகளுக்குச் சீர் செய்தாயிற்று" என்பது அவர்கள் பதில். பட்டா எண்ணை வைத்து ஆன்லைனில் வில்லங்கம் (சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பார்த்தேன், ஒரு பதிவும் வரவில்லை. சுத்தமான சொத்து என்று எடுத்துக்கொள்ளலாமா?

பத்திர_மேசை:

ஒரு பதிவும் வரவில்லை என்பதுதான் இதில் முதல் சந்தேகம். 1971ல் ஒரு கிரயம் நடந்திருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தக் கிரயமே காட்டாத வில்லங்கம், தவறான எண்ணில் தேடிய வில்லங்கம்.

காரணம் சொல்கிறேன். நத்தம் நிலவரித் திட்டம் வருவதற்கு முன் ஊர் நத்தம் முழுவதும் ஒரே சர்வே எண்ணில் கிடக்கும். 1971 பத்திரம் அந்தப் பழைய எண்ணோடும், தெருப் பெயர், கதவு எண், நாற்கெல்லை இவற்றோடும்தான் எழுதப்பட்டிருக்கும். பிறகு திட்டத்தில் வீடு வீடாக உட்பிரிவு எண் கொடுத்தார்கள். புதிய எண்ணைப் போட்டுத் தேடினால் பழைய பதிவு வராது. பழைய எண்ணைப் போட்டால் ஊரில் பாதி வீட்டின் பதிவு வரும்; அதில் நாற்கெல்லையை வைத்து உங்களுடையதைப் பொறுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் நத்தம் அடங்கலை (நத்தம் மனைகளின் கணக்கை) பார்த்து, எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் ஏறாத வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அந்த ஊர் இடையில் வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

வில்லங்கச் சான்றில் வராதவை இன்னும் இருக்கின்றன. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடப்பில் இருக்கும் வழக்கு, வீட்டு வரிப் பாக்கி இவை எதுவும் அதில் தெரியாது. வழக்குக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் அம்பாசமுத்திரம் நீதிமன்றங்களில் விற்பவர், அவர் அப்பா இருவர் பெயரையும் போட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள், நான்கையும் போடுங்கள்.

அடுத்து சீர் விஷயம். சீர் செய்தது சொத்தில் பங்கைத் தீர்க்காது. இது அப்பா 1971ல் கிரயம் வாங்கிய சொத்து, பூர்வீகம் அல்ல. ஆகவே 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம் என்ற விவாதத்துக்கே போக வேண்டாம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் 2009ல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இல்லையென்றால் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. மகன்கள் இருவர் மட்டும் எழுதிக்கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தில் இரண்டு பங்கும், மீதி மூன்று பங்குக்கு ஒரு பாகப்பிரிவினை வழக்கும்.

வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் விற்பவர்களாகவே பத்திரத்தில் வர வேண்டும். தனித்தனி விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கி வருகிறோம் என்பார்கள். அதுவும் செல்லும், ஆனால் ஐந்து பேரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது உங்களுக்குச் சுலபம். மகள்களில் யாராவது இறந்திருந்தால் அவருடைய கணவர், பிள்ளைகள் சேர வேண்டும். அதில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை விற்க முடியாது, அம்மாவோ அப்பாவோ காப்பாளராகக் கையெழுத்துப் போட்டால் போதாது. யாராவது வெளிநாட்டில் இருந்து பவர் அனுப்பினால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியிருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்து ஊர்களில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று: அடிமனை யாருடையது? கோயிலுக்கோ மடத்துக்கோ உரிய மனையில் கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்குச் சொந்தமாக இருக்கும்; வருடா வருடம் தரைவாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். பத்திரத்தில் "மேல்கட்டடம்" என்ற சொல் தனியாக வந்தால் உஷாராகுங்கள். பட்டாவில் கோயில் பெயர் இல்லாவிட்டாலும், அ பதிவேட்டின் (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) குறிப்புக் கலத்தையும், பதிவுத்துறை தளத்தில் அந்த எண்ணுக்கு வழிகாட்டி மதிப்புப் பூஜ்யமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூஜ்யம் என்றால் பதிவே ஆகாது.

நாலுகல்_எல்லை:

அளவுக்கு வருகிறேன். சர்வே தப்பு என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சர்வே சரி என்றும் இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

24 × 78 = 1,872 சதுர அடி. 161 சதுர மீட்டரை 10.764ஆல் பெருக்கினால் 1,733 சதுர அடி. வித்தியாசம் 139. அதை 78 அடி நீளத்தால் வகுத்தால் 1.78 அடி, அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி அகலம். உங்கள் முடுக்கு மூன்றரை அடி. அதில் பாதி எவ்வளவு?

பழைய பத்திரங்களில் பொது முடுக்கில் பாதியைத் தன் அளவில் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு. நத்தம் சர்வேயில் வந்தவர்கள் நடைபாதையைத் தனியாக விட்டுவிட்டு, சுவரோடு அளந்திருப்பார்கள். இது ஊகம்தான், உறுதி செய்ய மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, டேப் பிடித்து அளப்பது. மேற்குப் பொதுச் சுவரின் கனத்தில் பாதியிலிருந்து, கிழக்குச் சுவரின் வெளிமுகம் வரை. தெருப்பக்கம் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, கொல்லையில் ஒரு முறை. பழைய மனைகள் நேர் சதுரமாக இருக்காது, ஒரே இடத்தில் அளந்து பெருக்கினால் தப்பாகும். தென்வடலை அளக்கும்போது திண்ணையின் வெளி விளிம்பிலிருந்தா, சுவரிலிருந்தா என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். திண்ணையும் படியும் தெருப் புறம்போக்கில் நீட்டிக்கொண்டிருப்பது சகஜம். அப்படி இருந்தால், சாலை போட வரும்போது இடித்தால் கேட்க முடியாது.

இரண்டாவது, பத்திரத்தில் கிழக்கு எல்லை என்ன வாசகத்தில் இருக்கிறது என்று அப்படியே எழுத்துக்கு எழுத்து இங்கே போடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். நத்தம் வரைபடத்தில் அந்த முடுக்கு எப்படி இருக்கிறது? தனி எண்ணில் பாதையாக இருந்தால் நல்லது; யாரும் கதவு போட்டு அடைக்க முடியாது. அடுத்த வீட்டுக்காரர் பட்டாவுக்குள் முழு முடுக்கும் விழுந்திருந்தால், நீங்கள் நடப்பது அவர் பட்டா இடத்தில். அவர் நல்லவராக இருக்கும் வரை பிரச்சினை தெரியாது, அவர் பிள்ளைகள் விற்கும்போது தெரியும். அவருடைய உட்பிரிவு எண்ணைப் போட்டால் அவர் பட்டாவின் பரப்பையும் ஆன்லைனிலேயே பார்க்கலாம். அவர் மனையின் அகலத்தை வெளியிலிருந்து தோராயமாக அளந்து ஒப்பிடுங்கள்.

காரைக்கரண்டி:

காகிதத்தை மேலே உள்ள அண்ணாச்சிமார் பார்த்துக்கொள்வார்கள். நான் கட்டடத்தைச் சொல்கிறேன்.

முதலில் அந்த டேங்கை இறக்கச் சொல்லுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். மட்டப்பா என்பது கம்பி கட்டிய கான்கிரீட் அல்ல. தேக்குச் சட்டங்களைக் குறுக்கே போட்டு, ஒரு அங்குல கனமுள்ள சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் கட்டைக்குத்தி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதித்தது. பரவலான எடையைத் தாங்கும். ஒரே இடத்தில் ஒரு டன்னை வைத்தால் கீழே இருக்கும் இரண்டு மூன்று சட்டம் மட்டும் சுமக்கும். டேங்கைச் சுவர் மேல் வருகிற மாதிரி இரும்பு கர்டர் போட்டு வைத்திருந்தால் வேறு கதை. அப்படியா என்று ஏறிப் பாருங்கள்.

சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க: அறைக்குள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குச் சட்டத்தின் அடியில் நூல் கட்டி இழுங்கள். 10 அடி நீளத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் நடுவில் தொங்கினால் அந்தச் சட்டம் சோர்ந்துவிட்டது. அதைவிட மோசம், சட்டத்தின் நுனி. நடுவில் தேக்கு பளபளவென்று இருக்கும், சுவருக்குள் போகும் அரை அடி ஈரம் குடித்து உளுத்திருக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் மெல்லிய திருப்புளியைக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் நுனி போய்விட்டது. எல்லாச் சட்டத்துக்கும் இரண்டு நுனியிலும் செய்யுங்கள். மேலே மழைத்தண்ணீர் வடியும் குழாய் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் கீழே உள்ள நுனிதான் முதலில் போகும்.

இனி சுவர். அந்தக் காலத்துக் காரைச் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். அதுதான் அதன் மூச்சு. சிமென்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. சிமென்டுக்கு மேலே ஏறிப் பார்க்கும், உள்ளே உப்புப் பூத்து பூச்சைத் தள்ளும், தள்ளும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். மறுபடி சிமென்ட் பூசினால் மூன்றடி நான்கடி ஆகும். டைல்ஸ் ஒட்டினால் ஐந்தடி.

செய்ய வேண்டியது இது. சிமென்டை முழுக்கக் கொத்தி எடுங்கள், ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை. ஒரு கோடை முழுக்க, குறைந்தது மூன்று மாதம், சுவரைத் திறந்தே விடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே திரும்பப் போகும். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று கலந்து இரண்டு பூச்சு, அதன்மேல் வெள்ளை. புட்டி, எமல்ஷன் எதுவும் வேண்டாம். பெயின்ட் கடைக்காரர் வேறு சொல்வார்.

ஓட்டுக்கூரை: உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள், வெளிச்சப் பொட்டுகளை எண்ணுங்கள். மலையடிவாரத்தில் குரங்கு ஓட்டைப் பெயர்ப்பது வருடம் முழுக்க உள்ள தொல்லை. சீமை ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். 22 அடி அகலம், 30 அடி நீளத் தரைக்குச் சரிவோடு கிட்டத்தட்ட 760 சதுர அடிக் கூரை வரும், அதற்கு 1,060 ஓடு. புதிய ஓடு வாங்கி நடுநடுவே சொருகலாம் என்று நினைக்காதீர்கள். பழைய ஓட்டின் பள்ளமும் புதியதின் மேடும் பொருந்தாது, இடுக்கில் ஒழுகும். நல்ல பழைய ஓட்டையெல்லாம் ஒரு சரிவுக்குச் சேர்த்துவிட்டு, எதிர்ச் சரிவுக்கு முழுக்கப் புதிது போடுவதுதான் முறை. ரீப்பரில் கரையான் மண்கோடு இருந்தால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் ரீப்பர் மொத்தமும் மாற்றுங்கள், அது சின்னச் செலவு. உத்தரத்தில் வந்தால் பெரிய செலவு.

கடைசியாக ஒன்று, பலர் பார்க்காதது. டியூப் லெவல் கொண்டுபோய் தெருவின் மட்டத்தையும் தார்சாவின் தரை மட்டத்தையும் ஒப்பிடுங்கள். பழைய சாலையைத் தோண்டாமல் அதன்மேலேயே சிமென்ட் சாலை போட்டுப் போட்டு தெரு உயர்ந்துகொண்டே போகிறது. நான்கு படி ஏறிய வீடு இன்று ஒரு படியில் நிற்கும். தரை தெருவைவிட ஒரு அடியாவது உயரமாக இல்லையென்றால், அடுத்த சாலையோடு மழைத்தண்ணீர் உள்ளே வரும். ஓட்டு வீட்டில் தரையை உயர்த்தினால் நிலை வாசல் குட்டையாகும், கூரையையும் தூக்க வேண்டும். அந்தச் செலவு விலையில் கழிய வேண்டும்.

ஊற்றுக்கண்:

காரைக்கரண்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கரையானுக்கு மருந்து அடிக்க ஆள் கூப்பிடுவார்கள். தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து ஊற்றுவது வழக்கம், இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்து என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. உங்கள் கிணறு முடுக்குக்கு அந்தப் பக்கம்தானே? கிழக்குச் சுவர் ஓரம் மண்ணில் மருந்து ஊற்ற வேண்டாம், அங்கே மரத்துக்கு மட்டும் தடவினால் போதும். பொதுக் கிணறு, நாளைக்கு யார் வயிறு வலித்தாலும் உங்கள் தலையில் விழும்.

கிணற்றுத் தண்ணீரை இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். உப்பு, கடினம், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றுக்குச் சுத்தமான கேனில் இரண்டு லிட்டர். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 2,000 வரை. ஃபுளோரைடு 1.5க்கு மேல் போகக் கூடாது, நைட்ரேட் 45. சுற்றிலும் நெல் வயல் என்பதால் நைட்ரேட்டைக் கட்டாயம் பாருங்கள். உரமும் கக்கூஸ் குழியும் இரண்டுமே அதை ஏற்றும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே கொடுக்கும் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும்.

கக்கூஸ் குழி எங்கே, அடுத்த வீட்டுக் குழி எங்கே, மேற்கு வீட்டுக் குழி எங்கே, மூன்றையும் பாருங்கள். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 60 அடி இடைவெளி வேண்டும். 22 அடி அகல மனைகள் வரிசையாக இருக்கும் தெருவில் அது அநேகமாகக் கிடைக்காது. அடி பூசாத உறைக்குழி கிணற்றுப் பக்கம் இருந்தால் அதை மூடிவிட்டு, அடியும் சுவரும் பூசிய செப்டிக் டேங்க் கட்டி, அதன் வழிநீரைக் கொல்லையின் தென்கோடிக்குக் குழாயில் கொண்டுபோங்கள். டேங்க் சுத்தம் செய்யும் வண்டியின் குழாய் அந்த முடுக்கு வழியாகத்தான் வர வேண்டும். முடுக்கின் உரிமை ஏன் முக்கியம் என்று இப்போது தெரியும்.

தண்ணீரின் அளவைச் சித்திரை, வைகாசியில் பார்ப்பது நல்லது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதத்தில் எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். ஆற்றுக்குப் பக்கம் என்றால் 1992 நவம்பர், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது என்று இரண்டு மூன்று வயதானவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

தெருமுனை_டீ:

அமைதியான ஊர் என்றீர்கள். எந்த மாதம் பார்த்தீர்கள்? கொடை (கோயில் திருவிழா) நடக்கும் மூன்று நாள் குழாய் ஸ்பீக்கர் எந்தக் கம்பத்தில் கட்டுவார்கள், அது உங்கள் வீட்டிலிருந்து எத்தனை வீடு தள்ளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், கொடைக்கு வேறு கணக்கு. கார், பிசானம் இரண்டு நெல் பருவ அறுவடையிலும் இயந்திரம் இரவிலும் ஓடும், நெல் தெருவில் காயும், வீட்டுக்குள் தூசி. அருகில் கல்குவாரி இருந்தால் வெடி வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் நின்று பாருங்கள். குடியிருப்புக்கும் குவாரிக்கும் 300 மீட்டர் வேண்டும் என்பது விதி, ஆனால் காரைச் சுவருக்கு அதைவிடத் தூரமே நல்லது. மாலை ஏழு மணிக்கு ஒரு மீட்டர் வைத்து மின்னழுத்தம் பாருங்கள். 216 வோல்ட்டுக்குக் கீழே போனால் வயர் கடைசியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், மோட்டார் சூடாகும்.

அப்புறம் தலைக்கட்டு வரி, அதாவது ஊர்ப் பொதுச் செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது. வீடு வாங்கினால் உங்கள் வீடு ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் வருமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே கேட்பது மரியாதை. வரி கேட்டு வந்தபின் பேரம் பேசுவது அம்மாவுக்குத்தான் சங்கடம்.

பொதிகை_வாசல்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி அளந்தேன். பொதுச் சுவரின் மையத்திலிருந்து கிழக்குச் சுவர் வெளிமுகம் வரை தெருப்பக்கம் 22 அடி 3 அங்குலம், நடுவில் அதே, கொல்லையில் 22 அடி 2 அங்குலம். தென்வடல் சுவரோடு 78 அடி, திண்ணை அதற்கு வெளியே இரண்டரை அடி. பத்திரத்தில் கிழக்கு எல்லை: "பொது முடுக்கு மத்திக்கு மேற்கு". நத்தம் வரைபடத்தில் முடுக்கு தனி எண்ணில் பாதை என்று இருக்கிறது.

தார்சா தரை தெருவைவிட 7 அங்குலம்தான் உயரம். டேங்குக்கு அடியில் கர்டர் இல்லை. மூன்று சட்டத்தின் நுனியில் திருப்புளி இறங்கியது. மகள்கள் இருவரும் கையெழுத்துப் போட வருவதாகப் பேசியாயிற்று. கிணறு அடுத்த வீட்டுக்காரர் பட்டாவுக்குள் இருக்கிறது. அவர் பத்திரத்தில் நம் வீட்டுப் பாத்தியம் பற்றி ஒன்றும் இல்லை. இனி என்ன செய்வது?

நாலுகல்_எல்லை:

22¼ × 78 = 1,735 சதுர அடி. பட்டா 1,733. கணக்கு தீர்ந்தது. சர்வேயில் தப்பில்லை, 1971ல் முடுக்கில் பாதியைச் சேர்த்து 24 என்று எழுதியிருக்கிறார்கள். "மத்திக்கு மேற்கு" என்ற வாசகமும் அதைத்தான் சொல்கிறது. பட்டாவைத் திருத்தக் கேட்டு மனுப் போட வேண்டாம், போட்டால் தனி எண்ணில் இருக்கும் பாதையை நீங்களே சர்ச்சைக்குள் இழுப்பீர்கள். திண்ணை மனைக்கு வெளியே என்பதும் தெளிவாகிவிட்டது.

புதிய பத்திரத்தின் சொத்து விவரத்தில் 161 சதுர மீட்டர் என்று பட்டா அளவையே போடுங்கள். கிழக்கு எல்லையைப் "பாதை எண் இன்னதுக்கு மேற்கு" என்று எழுதி, அதன்பின் "மேற்படி முடுக்கில் நடைபாத்தியமும், குழாய் கொண்டுபோகும் பாத்தியமும், இறவாணத் தண்ணீர் விழும் பாத்தியமும் உள்பட" என்று தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள் (இறவாணம் என்றால் கூரையின் தாழ்ந்த ஓரம்). மேற்கே "பொதுச் சுவரில் பாதி" என்று இருக்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் விலை பேசியிருந்தால் 1,872க்கு அல்ல, 1,733க்குப் பேசுங்கள்.

பத்திர_மேசை:

கிணறு பற்றி. ஒருவர் பத்திரத்தில் மட்டும் இருக்கும் பாத்தியம் பலவீனமானது, ஆனால் ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. 1971 பத்திரமும் இத்தனை வருடப் புழக்கமும் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் சம்மதித்தால், தண்ணீர் இறைக்கும் பாத்தியம், மோட்டார் வைக்கும் இடம், தூர்வாரும் செலவில் பாதி என்று ஒரு உடன்படிக்கை எழுதி, கிரயத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். அதை விற்பவர் செலவில் செய்யச் சொல்லுங்கள். அவர் மறுத்தால், கிணறு இல்லாத வீடு என்று விலை வையுங்கள். ஊராட்சிக் குடிநீர் இணைப்பு அந்தக் கதவு எண்ணில் இருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்று பாருங்கள்.

விலையைக் குறைத்துப் பேச இப்போது உங்கள் கையில் நான்கு காரணம் இருக்கிறது: 139 சதுர அடி, மூன்று சட்டம், ஏழு அங்குலம், கிணறு. கடைசியில் எந்த விலை நின்றாலும் அதையே பத்திரத்தில் காட்டுங்கள். கிரய மதிப்பு, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும். 13.5 லட்சம் என்றால் 1,21,500 ரூபாய். அம்மா பெயரில் பதிவதால், 2025 ஏப்ரல் முதல் பெண்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு உண்டு, ஆனால் அது 10 லட்சம் வரை உள்ள சொத்துக்குத்தான். அதற்காகப் பத்திரத்தில் தொகையைக் குறைத்துக் காட்டும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் அன்றே கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், ஐந்து பேர் கையெழுத்தோடு. பணம் வங்கி வழியாக, ஐந்து பேர் கணக்குக்கும் அவரவர் பங்குப்படி. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்குபவருக்கு வருமான வரிச் சட்டப்படி அதே அளவு அபராதம் வரும். அதைச் சொன்னால் அவர்களே காசோலை கேட்பார்கள். கிரயம் முடிந்ததும் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றும் அம்மா பெயருக்கு மாற வேண்டும். பட்டாவில் இப்போதும் இறந்தவர் பெயரே இருப்பதால், வாரிசுச் சான்று நகலையும் இறப்புச் சான்று நகலையும் விற்பவர்களிடம் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைமாறிய பிறகு அந்த இரண்டு காகிதத்துக்காக ஐந்து வீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

காரைக்கரண்டி:

மூன்று நுனி போனதற்கு அறை முழுக்க இடிக்க வேண்டாம். அறைக்கு நடுவில் முட்டுக் கொடுத்து, அந்தச் சட்டங்களின் அடியில் சுவரை ஒட்டி ஒரு இரும்பு ஆங்கிளைச் சுவரில் போல்ட் போட்டுத் தாங்க வைக்கலாம். அது கிழக்குச் சுவர் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மேற்குப் பொதுச் சுவர் என்றால் மேற்கு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துளை போடுங்கள், பாதிக் கனத்துக்கு மேல் போக வேண்டாம்.

ஏழு அங்குலத்துக்கு இப்போதைக்கு வாசலில் ஆறு அங்குலத்துக்கு ஒரு கட்டு கட்டி, தெருவோரம் வாறுகால் (சாக்கடை) தூர் அடையாமல் இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன் பார்த்துக்கொண்டால் போதும். டேங்கைக் கொல்லையில் தனி மேடை கட்டி வையுங்கள், கிணற்றிலிருந்து அதற்கு முடுக்கு வழியாக ஒரே குழாய்.

பொதிகை_வாசல்:

அது மேற்குச் சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு பக்கத்து வீட்டிலும் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.